கடல்கடந்த கலாநிதிக் கல்வியும் தெரிவின் முறையும்

உயர்கல்விக்கு விண்ணப்பித்தல் ஒரு முயற்சி. விண்ணப்பித்த இடங்களுள் இரண்டு மூன்று ஒருங்கே 'வருக' என அழைத்தவிடத்து, ஒன்றைக் கொண்டு ஏனையவற்றை விடுதல் வேறொரு முயற்சி. முன்னதற்கு ஊக்கம் வேண்டும். பின்னதற்கு ஆராய்ச்சி வேண்டும். முன்னதைக் கற்பிப்பார் பலர். பின்னதைக் கற்பிப்பார் அரியர். அதனால், ஆண்டுக்கணக்காக உழைத்துப் பெற்ற வாய்ப்புக்கள் கைக்கு வந்த பின்னர், பல்கலைக்கழகத்தின் பெயரொலியையோ அயலார் சொல்லையோ கொண்டு ஒரே நாளில் முடிவு செய்து, அதன் பயனை நாலைந்து ஆண்டு நுகர்வோர் உளர்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எனக் கீழைக் கடலோரத்தே தெற்கு நோக்கித் தொடரும் ஊர்களுக்கு இவ்வாராய்ச்சி இன்று பெரிதும் வேண்டப்படுவதாயிற்று. ஒலுவிலில் 1995ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலே, இவ்வூர்களின் பிள்ளைகள் பலர் விரிவுரையாளராய் அமர்ந்துள்ளனர். தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்வோர் குறித்த காலத்துள் பட்டமேற்படிப்புத் தகுதி பெற்றாலன்றி அவர்தம் நியமனம் உறுதியாகாது. ஆதலின் அவர்க்குக் கலாநிதிக் கல்வி விருப்பம் மாத்திரமன்று, கடமையுமாம். அவர் எங்குச் சென்று எதைக் கற்று மீள்கின்றார் என்பதைப் பொறுத்தே அவரிடம் கற்கவிருக்கும் மாணவர் தலைமுறையின் நிலையும் அமையும்.

முன்னோர் சென்ற வழி

இக்கரையினர்க்கு அயல்நாட்டுப் பட்டம் புதியதன்று. கல்முனைக்கு அணித்தான காரைதீவிலே 1892இல் தோன்றிய விபுலானந்த அடிகள், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிற் பயின்றவர். ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டே 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்றவர். அக்காலத்தில் மாணவர் கடல் கடவாது பரீட்சையே கடல் கடந்து வந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராகவும் அடிகள் அமர்ந்தார். அவரை அவ்விடங்களுக்கு உயர்த்தியது பட்டம் வழங்கிய நகரின் பெயரன்று, அவர்தம் புலமையே.

ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களின் வாழ்க்கை மற்றொரு வகை. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்ற அவர், அரசினர் புலமைப்பரிசில் பெற்று 1934இல் கேம்பிரிட்ஜ் சென்று வரலாற்றில் மேற்படிப்பைத் தொடங்கினார். அப்போது இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான செய்தி கிட்டியது. ஆய்வோ பணியோ என்னும் நிலையிற் பணியைக் கொண்டு 1935இல் தாயகம் மீண்டார். அச்சேவையிற் புகுந்த முதல் முஸ்லிமும் அவரேயாவர். போர்க்காலமாகிய 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த அவர், உணவு உற்பத்தியைக் கவனித்ததோடு அமையாது, அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை நிறுவினார். அங்குக் கண்ட அனுபவமே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. வறிய மாணவர் பலரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது அந்நிதி. தாம் தொடர்ந்து பெறாத கலாநிதிப் பட்டத்தை, அவர் மறைந்து ஏழாண்டுகளின் பின், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவமாக அளித்தது. ஒரு வாய்ப்பை விடுதல் எப்போதும் இழப்பாகாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

மூன்றாவதாகக் காணத்தக்கவர் பேராசிரியர் க. கைலாசபதி. அவரும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் மாணவரே. பேராதனையிற் சிறப்புப் பட்டம் பெற்றுத் தினகரன் ஆசிரியராகவும் விளங்கிய அவர், கலாநிதிக் கல்விக்குத் தேர்ந்த இடம் பர்மிங்காம். கீழைத்தேய மொழிகளுக்கெனப் பெயர்பெற்ற நிலையங்கள் இலண்டன் முதலிய இடங்களில் இருப்ப, அவர் நாடியது ஜோர்ஜ் தொம்சன் என்னும் கிரேக்கப் பேராசிரியரை. தொம்சன் தமிழறிஞர் அல்லர். ஆயினும், வாய்மொழியாகப் பாடப்பெறும் வீரயுகப் பாடல் எவ்வாறு தோன்றுகின்றது என்பதைக் கிரேக்கத்திலும் ஐரிய மொழியிலும் துருவிக் கண்டவர். சங்கப் பாடல்களை அக்கண்கொண்டு நோக்கிய கைலாசபதியின் ஆய்வேடு 1966இல் முற்றுப்பெற்று, 1968இல் ஒக்ஸ்போர்டு வெளியீடாக உலகறிய வந்தது. அவ்வாசிரியரிடமே சென்ற கா. சிவத்தம்பி, பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்து 1970இற் கலாநிதியானார். இருவரும் தம் வினாவுக்கு விடை காணும் முறை யாரிடம் உளதோ அவரிடம் சென்றனர்.

கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம். ஏ. நுஃமான் அவர்களின் தெரிவோ அண்ணாமலைப் பல்கலைக்கழகம். மொழியியலில் உயர் ஆய்வுக்குப் பெயர்பெற்றது அது. அங்குக் கலாநிதிப் பட்டம் பெற்று, யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் கற்பித்து, 1999இல் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' என்னும் நூலை ஈந்தார். தொலைவான நாடே உயர்ந்த கல்வி தரும் என எண்ணுவார்க்கு இவ்வெடுத்துக்காட்டுத் தக்க மறுமொழியாகும். ஒருவர்க்குப் பர்மிங்காம் பொருந்தியது. மற்றொருவர்க்குச் சிதம்பரம் பொருந்தியது. பொருத்தத்தை அளப்பது ஆய்வின் வினாவேயன்றி ஊரின் தூரமன்று.

முதலாவது அளவை: ஆசிரியர்

கலாநிதிக் கல்வி இளமாணிக் கல்வியின் நீட்சியன்று. இளமாணி மாணவர் ஒரு நிறுவனத்தில் ஆசிரியர் பலரிடம் பயில்கின்றார். கலாநிதி மாணவரோ பெரும்பாலும் ஒருவரிடமே பயில்கின்றார். அவ்வொருவர் அன்புடையராயின் சிறு பல்கலைக்கழகமும் பெரிதாம். அவர் பாராமுகமாயின் பெரும் பல்கலைக்கழகமும் தனியறையாம்.

ஆகவே அழைப்புக் கடிதம் வந்தவுடன் வினவ வேண்டியவை சில உள. மேற்பார்வையாளர் அண்மைக்காலத்தே என்ன எழுதியுள்ளார்? அவரிடம் தற்போது பயில்வோர் எத்தனை பேர்? முன்னர்ப் பயின்றோருள் முடித்தவர் எத்தனை பேர், எத்தனை ஆண்டில் முடித்தனர், இப்போது எங்குள்ளனர்? அவர் ஓய்வுபெறும் வயதை அண்மினாரா? வேறு பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் எண்ணமுளதா? அவ்வாறு சென்றால் அத்துறையில் வழிகாட்ட வேறொருவர் உளரா? இவற்றுள் இறுதி வினாவே பலரால் மறக்கப்படுகின்றது. ஆனால் இரண்டாம் ஆண்டின் நடுவில் ஆசிரியரை இழந்த மாணவனுக்கு அதனினும் பெரிய வினா இல்லை.

இவற்றிற்கு விடை தரத் தக்கவர் பேராசிரியர் அல்லர். அவரிடம் பயிலும் மாணவரே. இருவர் மூவருக்கு மின்னஞ்சல் எழுதி, இயலுமாயின் நேரிற் பேசுதல் நன்று. பேராசிரியரின் குறைகளை எழுத்தில் தர அஞ்சுவோரும் பேச்சிற் குறிப்பாகச் சொல்லிவிடுவர். எல்லா மாணவரும் ஒருமுகமாய் மழுப்புவாராயின், அம்மழுப்பலும் ஒரு விடையே.

இரண்டாவது அளவை: பொருள்

கடிதத்தில் எழுதப்பட்டிருக்கும் தொகை உதவித்தொகையின் அளவைக் காட்டுமேயன்றி அதன் வலிமையைக் காட்டாது. ஒரு நகரத்துப் பல்கலைக்கழகம் மாதம் 2,400 டொலரும், சிற்றூர்ப் பல்கலைக்கழகம் மாதம் 1,900 டொலரும் தருவதாகக் கொள்க. முன்னைய நகரில் அறை வாடகை 1,500, பின்னைய ஊரில் 700 எனின், உணவுக்கும் உடைக்கும் எஞ்சுவது முறையே 900, 1,200. பெரிய தொகை சிறியதாகி, சிறிய தொகை பெரியதாயிற்று. ஆதலின் வாடகையைக் கழித்த பின்னரே இரு கடிதங்களையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும்.

அடுத்து, உதவி எத்தனை ஆண்டுக்கு உறுதி செய்யப்பட்டுள்ளது என்பது. 'முதலாண்டுக்கு' என்பதும், 'நான்காண்டுக்கு' என்பதும், 'நிதி கிடைக்குமிடத்து ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும்' என்பதும் வெவ்வேறு வாக்குறுதிகள். கல்விக்கட்டணம் முழுதும் தள்ளுபடியா, உள்நாட்டு மாணவர் கட்டணத்தளவே தள்ளுபடியா என்பதும் வினவத்தக்கது. பிரித்தானியாவிற் சில உதவிகள் உள்நாட்டார் கட்டணத்தை மட்டுமே ஏற்கும். அயல்நாட்டாருக்குரிய மிகுதிக் கட்டணத்தை யார் செலுத்துவது என்னும் வினா அங்கு எழும். அன்றியும், அந்நாட்டில் 2024 பெப்புருவரி தொடக்கம் மாணவர் செலுத்தும் சுகாதார மிகைக்கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்; அதனைக் கற்கைக் காலம் முழுமைக்கும் விசாவுக்கு விண்ணப்பிக்கும் வேளையிலேயே செலுத்த வேண்டும். உடன் செல்லும் குடும்பத்தவர்க்கும் தனித்தனியே அக்கட்டணமுண்டு. புறப்படுமுன்னரே திரட்ட வேண்டிய இத்தகைய தொகைகள் அழைப்புக் கடிதத்தின் அழகிய வாசகங்களிற் காணப்படா.

வீட்டிலிருந்து பணம் வரும் என்னும் துணிவில் குறைந்த உதவியை ஏற்போர் 2022ஆம் ஆண்டை நினைவிற் கொள்க. அவ்வாண்டின் தொடக்கத்தே ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், சில திங்களுள் 360 ரூபாவரை ஏறிற்று. ரூபாவில் மாற்றமின்றி நின்ற சம்பளம் டொலரில் ஏறத்தாழப் பாதியளவாய்ச் சுருங்கியது. வயலை ஈடுவைத்து அனுப்பும் பணம் வங்கியைக் கடக்குமுன்னரே கரைந்துபோகும் காலமும் வரும். ஆதலின் கற்கும் நாட்டின் நாணயத்திலேயே வாழ்க்கைச் செலவு முழுதும் அமையும் அழைப்பே, பெயரிற் சிறிது தாழ்ந்ததாயினும், மேலானது.

மூன்றாவது அளவை: காலமும் முறையும்

நாட்டுக்கு நாடு கலாநிதிக் கல்வியின் அமைப்பு வேறுபடும். ஐக்கிய அமெரிக்காவில் முதலிரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் பாடநெறிகளிற் கழியும். பின் தகுதிப் பரீட்சை. அதன் பின்னரே ஆய்வேடு. ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். மாணவர் இளமாணி வகுப்புக்களுக்குத் துணையாசிரியராய்க் கற்பித்து உதவித்தொகை பெறுவதும் அங்கு வழக்கம். தம் துறையின் அடிப்படையை விரிவாக்க விரும்புவோர்க்கும், ஒரு துறையினின்று மற்றொன்றுக்கு மாறுவோர்க்கும் இம்முறை ஏற்றது.

பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் மாணவர் முதல்நாள் தொட்டே ஆய்விற் புகுவர். மூன்று தொடக்கம் நான்கு ஆண்டில் முடிப்பர். வினாவைத் தெளிவாக வகுத்துக்கொண்டு செல்பவர்க்கு அஃது உகந்தது. வினாவே தெளியாதவர் முதலாண்டைத் தேடலில் இழப்பர். ஜேர்மனியிற் பல துறைகளில் கலாநிதி மாணவர் ஊதியம் பெறும் ஆய்வுப் பணியாளராகவே நியமனம் பெறுகின்றனர். யப்பானிய அரசின் புலமைப்பரிசிலிற் செல்வோர் பெரும்பாலும் சிறிதுகாலம் ஆய்வு மாணவராய் மொழி பயின்று, அனுமதிப் பரீட்சையின் பின்னர்க் கலாநிதி வகுப்பிற் சேர்வர். கடிதத்திற் குறித்த மூன்றாண்டோடு அம்முற்காலத்தையும் கூட்டிக் கணக்கிடல் வேண்டும். இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் விதிகளின்படி குறைந்தது மூன்று, கூடியது ஆறு ஆண்டு. தொடக்கத்திற் பாடநெறியும் உண்டு. மலேசியா உணவாலும் வழிபாட்டு வசதியாலும் இக்கரை முஸ்லிம்களுக்கு அந்நியமாகத் தோன்றாத நாடு; பயணச் செலவும் குறைவு. எனினும் வாழ்க்கை எளிது என்பது ஆய்வு எளிது என்பதாகாது. ஆசிரியர் பற்றிய முதல் அளவையை அங்கும் தளர்த்தலாகாது.

இக்கால வேறுபாடு வெறுங்கணக்கன்று. கற்கை விடுமுறை இத்துணை ஆண்டு என வரையறுக்கப்பட்டிருக்க, ஆறாண்டுக் கல்வியை ஏற்பவர் இறுதியாண்டைச் சம்பளமின்றியோ அனுமதியின்றியோ கழிக்க நேரும். ஆய்வேட்டின் கடைசி இயல் எழுதப்படாமலே ஊர் திரும்பினவர், கற்பித்தற் சுமையினிடையே அதனை முடித்தல் அரிதினும் அரிது.

நான்காவது அளவை: பிணையும் வீடும்

சம்பளத்தோடு கற்கை விடுமுறை பெற்றுச் செல்லும் விரிவுரையாளர், மீண்டு வந்து குறித்த காலம் பணிபுரிவதாகப் பல்கலைக்கழகத்துக்குப் பிணைமுறி எழுதிக் கொடுக்கின்றார். அதிற் பிணையாளரும் கையொப்பமிடுவர். அவர் யார்? உடன் பணிபுரியும் நண்பர், அல்லது உறவினர். சென்றவர் மீளாதொழியின் கடன் அவர்மேல் வீழும். ஆகவே இத்தெரிவு தனியொருவரின் தெரிவாகாது. நண்பரின் சம்பளத்தையும் ஈடாக வைத்துச் செய்யப்படுவதாதலின், 'சென்றபின் பார்த்துக்கொள்ளலாம்' என்னும் எண்ணத்துக்கு ஈண்டு இடமில்லை.

புலமைப்பரிசிலே மீள்வை விதிப்பதும் உண்டு. ஃபுல்பிரைட் திட்டத்தில் ஐக்கிய அமெரிக்கா செல்வோர், கல்வி முடிந்தபின் ஈராண்டு தாயகத்தில் வாழ்ந்தாலன்றி அந்நாட்டிற் குடியேற்ற விசாவோ சில பணி விசாக்களோ பெறல் இயலாது. மீள எண்ணியிருப்பவர்க்கு இது தடையன்று. எண்ணம் மாறக்கூடியவர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

குடும்பத்தின் நிலையும் அவ்வாறே. கீழைக்கரையின் முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் தாய்வழிக் குடிமுறை நிலவுகின்றது. திருமணமாகும் மகளுக்கு வீடு கொடுப்பதும் மருமகன் அவ்வீட்டில் வந்து வாழ்வதும் வழக்கம். இவ்வழக்கம் ஆய்வாளர்க்கு ஒருவகையில் துணையாகின்றது: கணவன் கடல்கடந்தாலும் மனைவியும் மக்களும் தாய்வீட்டாரின் அரவணைப்பிலேயே இருப்பர். மனைவி ஆய்வுக்குச் செல்லும்போதும் பிள்ளைகளைப் பார்க்க உம்மாவும் மூத்தம்மாவும் அருகிலுள்ளனர். ஆனால் பெண் விரிவுரையாளர்க்கு 'அவ்வளவு தூரமா?' என்னும் வினா ஆணினும் மிகுதியாய் எழுகின்றது. அவ்வினாவுக்கு விடை உணர்ச்சியால் அமையாது, விவரத்தால் அமையும். கணவர் உடன் செல்லலாமா, சென்றால் தொழில் புரியலாமா, பிள்ளைக்குப் பாடசாலை எங்கே, விடுதியில் பெண்களுக்குத் தனியிடம் உண்டா என ஒவ்வொன்றாய் அறிந்து முன்வைப்பின், மறுப்போரிற் பலர் இணங்குவர்.

இதிலும் நாடுகள் வேறுபடும். ஐக்கிய அமெரிக்காவில் எஃப்-1 விசா பெறும் மாணவரின் துணைவர்க்குத் தொழில் புரிய அனுமதியில்லை. பிரித்தானியாவில் 2024 சனவரி தொடக்கம் கற்பித்தல்வழி முதுமாணி மாணவர் பெரும்பாலோர் குடும்பத்தை அழைத்துச்செல்ல இயலாதாயினும், கலாநிதி ஆய்வு மாணவர்க்கு அவ்வுரிமை நிலைத்துள்ளது. ஒருவர் உதவித்தொகையில் நால்வர் வாழ்வதும் இருவர் உழைப்பில் நால்வர் வாழ்வதும் ஒன்றல்ல. தனியராய் நோக்கின் முதலிடம் பெறும் அழைப்பு, குடும்பத்தோடு நோக்கின் மூன்றாமிடம் பெறுதலும் கூடும்.

தெரியும் ஒழுங்கு

இந்நான்கு அளவைகளையும் ஒரே தாளில் நிரல்படுத்தி, அழைப்புக்கள் ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்துக்கொள்வது நன்று. எண் கொடுத்துக் கூட்டிப் பார்த்தல் மாத்திரம் போதாது. ஏனெனில் சில குறைகளை வேறு நிறைகள் ஈடுசெய்யா. வாழ்வதற்குப் போதாத உதவித்தொகையை ஆசிரியரின் புகழ் ஈடுசெய்யாது. வழிகாட்டாத ஆசிரியரை நகரின் வனப்பு ஈடுசெய்யாது. முதலில் இவ்வாறு ஏற்கவொண்ணாதவற்றை நீக்கி, எஞ்சியவற்றை மாத்திரமே ஒப்பிடுதல் முறை. பெறவிருக்கும் பட்டத்தைத் தம் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளுமா என்பதையும் புறப்படுமுன் எழுத்திற் பெறுதல் இன்றியமையாதது.

விடை கூறும் நாளும் அறியத்தக்கது. ஐக்கிய அமெரிக்காவின் பட்டமேற்படிப்புப் பள்ளிகள் மன்றத்தின் தீர்மானத்துக்கு இசைந்த பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு கூடிய அழைப்புக்கு ஏப்ரல் 15இற்கு முன் விடை தருமாறு மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. பிற நாடுகளில் அத்தகைய பொதுநாள் இல்லை. இரண்டு வாரத்துள் விடை கேட்போரும் உளர். அவகாசம் வேண்டுமாயின் காரணங்காட்டிப் பணிவுடன் கேட்டல் குற்றமன்று. கொழும்பிலேயே விசா அலுவலகங்களும் மொழிப் பரீட்சை நிலையங்களும் செறிந்துள்ளன. புகையிரதப் பாதையோ மட்டக்களப்போடு நின்றுவிடுகின்றது. கல்முனையினின்று இராப் பஸ்ஸிற் சென்று வரும் ஒவ்வொரு பயணத்துக்கும் நாள் ஒதுக்கியே அவகாசத்தைக் கணக்கிடல் வேண்டும்.

ஒன்றை ஏற்றபின் ஏனையவற்றுக்கு அன்றே மறுப்பெழுதுதல் அறம். விடப்பட்ட அவ்விடத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் ஒருவர் இருப்பர். அவரும் எங்கோ ஒரு கரையூரில் மின்னஞ்சலை நோக்கியிருப்பவராகலாம். மறுப்புக் கடிதம் சுருக்கமாகவும் நன்றியோடும் அமைதல் வேண்டும். இன்று மறுக்கப்பட்ட பேராசிரியரே நாளை ஆய்வேட்டைப் பரீட்சிப்பவராகவும் வரக்கூடும்.

பல்கலைக்கழகங்களை நிரற்படுத்தும் பட்டியல்கள் ஆண்டுதோறும் மாறும். நல்லாசிரியரிடம் பெற்ற ஆய்வுப் பயிற்சியோ வாழ்நாள் முழுதும் நிலைக்கும். விபுலானந்தர், அஸீஸ், கைலாசபதி, நுஃமான் ஆகிய நால்வரும் வெவ்வேறு வழிகளிற் சென்றவர்; ஆயினும் கற்றதைத் தம் மக்களிடம் கொணர்ந்து சேர்த்தமையில் ஒன்றுபட்டவர். ஒலுவிலின் விரிவுரை மண்டபத்தில், வறிய மீனவரின் மகனும் நெசவாளியின் மகளும் கலாநிதியாய் மீளும் ஆசிரியரை எதிர்பார்த்திருக்கின்றனர். தெரிவு செய்பவர் தம் எதிர்காலத்தோடு அவர்தம் எதிர்காலத்தையும் அத்தாளில் ஒரு நிரலாகச் சேர்த்து நோக்குவாராயின், அவர் எந்நாட்டைத் தெரிந்தாலும் அத்தெரிவு நல்லதாகவே அமையும்.